மழையை எடுத்துட்டு வா: கூலிங் வெஸ்ட்டோடு 14 மாதங்கள்

எங்கள் வீட்டு ஃப்ரீசரின் மேல்தட்டு மழைக்கு உரியது. "மழை உறைஞ்சிருச்சா?", "மழையைக் காயப் போட்டாச்சா?", "படியேறப் போறியா, மழையை மாட்டிக்கோ" என்று நாள் முழுக்கப் பேசிக்கொள்கிறோம். புதிதாக வருகிறவர்கள் ஒன்றும் புரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். மழை என்று நாங்கள் சொல்வது நான் உடைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் கூலிங் வெஸ்ட்டை. 14 மாதம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. இந்த வகை வெஸ்ட்டைப் பல பேர் செய்கிறார்கள். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து 9 வருடம் ஆகிறது. இனி எம்எஸ் என்றே எழுதுகிறேன். நான் கணக்கு டீச்சர். ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சிவப்பு மை வெளுத்துத் தெரிந்தது. பேனா தீர்ந்துவிட்டது என்று வேறு பேனா எடுத்தேன், அதுவும் அப்படியே. தற்செயலாக வலது கண்ணைக் கசக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. இடது கண்ணுக்கு மட்டும் சிவப்பு, பல தடவை துவைத்த துணியின் நிறத்தில் இருந்தது. வலது கண்ணைத் திறந்தால் அதே மை பளிச்சென்று சிவப்பு. ஒரே எழுத்தை இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு அன்று ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கண் நரம்பில் அழற்சி என்றார்கள். எம்ஆர்ஐ எடுத்ததும் மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

அந்த மங்கல் சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் சூடு பட்டால் திரும்பி வந்துவிடும். வெந்நீர்க் குளியல், காய்ச்சல், இரண்டு மாடி ஏறுவது, காற்றில்லாத அறையில் அரை மணி நேரம், எது கிடைத்தாலும் போதும். முதலில் இடது கண்ணில் புகை மூடின மாதிரி ஆகும். அப்புறம் இடது பாதம் தூக்க வராமல் தரையைத் தேய்க்கும். பிறகு தெரிந்த வார்த்தைகள் நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிடும்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1890-ல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்எஸ் உள்ள சிலருக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். உழைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார். உடம்பில் ஏறும் சூடுதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. எம்ஆர்ஐ வருவதற்கு முந்தைய காலத்தில், எம்எஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். அதைப் படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தத் தொட்டியில் உட்கார்ந்தவர்களை நினைத்து இன்றைக்கும் வருத்தமாக இருக்கும்.

நடப்பது இதுதான். நரம்பு இழையைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை உண்டு. எம்எஸ்ஸில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்குகிறது. உறை உரிந்த இடத்தை மின்துடிப்பு தட்டுத் தடுமாறித்தான் கடக்கிறது. உடம்பின் சூடு அரை டிகிரி கூடினாலே சிலருக்கு அது நடுவழியில் நின்றுவிடும். சூடு இறங்கினால் மறுபடி ஓடும். புதுச் சேதம் ஒன்றும் ஆகியிருக்காது.

"புதுச் சேதம் இல்லை" என்பதை டாக்டர் எனக்கு முதல் வருடமே சொல்லிவிட்டார். ரிலாப்ஸ், அதாவது நோய் புதிதாகத் தாக்குவது என்றால், காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் 24 மணி நேரத்துக்கு மேல் அறிகுறி நீடிக்க வேண்டும், சூட்டில் வருவது சூடு போனதும் போய்விடும் என்று தாளில் எழுதியே கொடுத்தார். ஆனால் புத்திக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரிய வேண்டுமே. கண் மங்கியதும் வீடே அமைதியாகிவிடும். கணவர் சத்தமில்லாமல் போய் ரிப்போர்ட் ஃபைலை எடுத்து மேஜையில் வைப்பார். மகள் டிவியை அணைத்துவிட்டு என் காலடியில் வந்து உட்காருவாள். அப்போது அவளுக்கு 7 வயது. யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். 8 வருடம் அப்படித்தான் போயிற்று.

சரி, வெஸ்ட்டுக்கு வருகிறேன். பார்க்கக் கையில்லாத கோட்டு மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு குளிர் பைகளைச் செருக உள்ளே அறைகள். பைக்குள் இருப்பது சாதாரண ஐஸ் கிடையாது. 15 டிகிரியில் உறைந்து அதே 15 டிகிரியில் உருகுகிற ஒரு பொருள். உருக ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் அந்தக் குளிரிலேயே நிற்கும். அதனால் தோல் விறைக்காது. ஃப்ரீசரில் வைக்கலாம், மின்சாரம் இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டாலும் கட்டியாகிவிடும். எனக்கு ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் தாங்குகிறது. வெளியே நல்ல வெயிலென்றால் ஒன்றரை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வெஸ்ட்டை வாங்கும் முன் நான் வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸ் பையைத் துணியில் சுற்றி விலாவில் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இடது விலாவில் உணர்ச்சி குறைவு. குளிர் சுட்டதே தெரியவில்லை. ராத்திரி உடை மாற்றும்போது உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தயவுசெய்து உறைநிலை ஐஸை நேரடியாக வைக்காதீர்கள்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு நின்றபோது மகள் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். "அம்மா, ராக்கெட் எத்தனை மணிக்கு?" என்றாள். வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டுகிற 'சர்ர்' சத்தத்துக்கு "பத்து, ஒன்பது, எட்டு" என்று எண்ண ஆரம்பித்தாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். விண்வெளி வீரர்களின் உடலைக் குளிர்விக்கச் செய்த உடைகளின் தொழில்நுட்பம் எம்எஸ் உள்ளவர்களிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. நாசாவின் பெயரும் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு 2003-ல் முடிவுகளை வெளியிட்டது: குளிர்வித்த பிறகு நடையிலும் பார்வையிலும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் சிறிய அளவில்தான். அந்த "சிறிய அளவு" என்ற சொல்லை மனசில் வைத்துக்கொண்டுதான் இதை வாங்க வேண்டும்.

அந்தச் சிறிய அளவு எங்கள் வீட்டில் எவ்வளவு என்பதை மகள்தான் அளந்தாள். கண் ஆஸ்பத்திரியில் பார்த்த பலகையை ஞாபகம் வைத்து, ஒரு தாளில் ஆறு வரி எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரி கட்டை விரல் உயரம். கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நான் மாடிக்குப் போய்வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது வலது கண்ணைப் பொத்தச் சொல்லிப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது வரிக்கு மேல் ஓடவில்லை. வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 10 நிமிடத்தில் நான்காவது வரி. 18 நிமிடத்தில் ஐந்தாவது. 25 நிமிடம் ஆனபோது ஆறாவது வரி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. பனி விலகினால் எதிர் வீடு தெரிகிற மாதிரி, முதலில் சுழி, அப்புறம் கொம்பு, அப்புறம் புள்ளி. நான் சந்தோஷத்தில் சத்தமாகவே படித்துவிட்டேன்:

"இதைப் படித்துவிட்டால் நாளைக்கு எனக்குக் கணக்குப் பயிற்சி கிடையாது."

நான் முடிக்கவில்லை, அவள் வீடு அதிர ஓடினாள். "படிச்சுட்டா! வாயாலேயே சொல்லிட்டா!" கணவர் என்னவோ ஏதோ என்று பதறி ஃபைலோடு வந்தார். தாளை வாங்கிப் படித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஃபைலைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அன்றைக்குப் பிறகு கண் மங்கினதும் அவர் அந்த ஃபைலைத் தொடுவதில்லை. கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

இந்த வெஸ்ட் எனக்குச் செய்த பெரிய காரியம் இதுதான். எங்களுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை. பயந்துகொண்டிருந்தோம். 25 நிமிடத்தில் திரும்பி வந்துவிடும் என்று கண்ணாலேயே பார்த்த பிறகு அந்த 25 நிமிடத்தை என்ன செய்வது என்று யோசிக்க இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் விளையாட்டு வந்தது.

மழை என்ற பெயரும் அப்படி வந்ததுதான். ஒரு மத்தியானம் சூடு ஏறி வார்த்தைகள் சிக்க ஆரம்பித்தன. வெஸ்ட் என்ற சொல் வரவில்லை. குளிர்ச்சி, மேலே விழுவது, முதுகு ஜில்லென்று ஆவது, எல்லாம் மனசில் இருக்கிறது. சொல் மட்டும் இல்லை. "அந்த... என்னோட... மழையை எடுத்துட்டு வா" என்றேன். மகள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். வெளியே சுள்ளென்று வெயில். ஒரு கேள்வியும் கேட்காமல் ஃப்ரீசரைத் திறந்து பைகளை எடுத்து வெஸ்ட்டில் செருகிக்கொண்டு வந்து, "இடியும் மின்னலும் வேணுமா, வெறும் மழை போதுமா?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான். அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வார்த்தை தடுமாறும்போது வெளியாள் யாராவது முதலில் சிரித்தால் எனக்கு வலிக்கும். மகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறப்பாள்.

சிரிப்பு என்று எழுதும்போது இன்னொரு சிரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எம்எஸ் உள்ள சிலருக்கு மனசில் எதுவும் இல்லாமலே சிரிப்போ அழுகையோ பீறிட்டு வரும். சூடோபல்பார் அஃபெக்ட் என்று பெயர். உணர்ச்சியை வெளிக்காட்டுவதைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகளில் ஏற்படும் சேதத்தால் வருவது. எனக்கு அது ஒரு துக்க வீட்டில் வந்தது. இறந்தவர் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். உள்ளே நெஞ்சு அடைத்துக்கொண்டு இருக்க, வாய் மட்டும் சிரித்தது. நிறுத்த முடியவில்லை. கணவர் என்னை அணைத்தபடி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டரிடம் சொன்னபோது அதற்கும் மருந்து இருக்கிறது என்றார், எடுத்துக்கொள்கிறேன், குறைந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தச் சிரிப்பையும் ஆறாவது வரியைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பையும் அனுபவித்தவள் சொல்கிறேன், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இனி குறைகள். எடை முதலில். பைகளோடு சேர்த்து 2 கிலோவுக்கு மேல். எம்எஸ்ஸில் வரும் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பு அல்ல. அதோடு தோளில் 2 கிலோ என்பது சின்ன விஷயமில்லை. நான் முழு நேரமும் போட்டுக்கொள்வதில்லை. வெளியே கிளம்ப அரை மணி நேரம் முன்பே மாட்டி உடம்பைக் குளிர வைத்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டுப் போவேன். முன்கூட்டியே குளிர்வித்துக்கொள்வது பலன் தருகிறது. வகுப்பு எடுக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டே உட்காருவேன்.

அடுத்தது பக்கவாட்டுப் பட்டைகள். அவற்றை இழுத்து ஒட்டக் குனிந்து பார்க்க வேண்டும். எனக்குக் கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகக் கால் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கும். லெர்மிட் அறிகுறி என்பார்கள், 1924-ல் அதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர். செய்கிறவர்கள் இதை யோசித்திருக்கலாம். எம்எஸ் உள்ளவர்களுக்கு என்று விற்கிற பொருளைக் குனியாமல் மாட்ட முடிய வேண்டாமா? நான் கண்ணாடி முன் நின்று மாட்டப் பழகிக்கொண்டேன். ஆனால் ஜிப்புக்குப் பதில் வெல்க்ரோ வைத்ததற்கு மனசார நன்றி சொல்கிறேன். விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு ஜிப் கோப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்த யாரோதான் அதை முடிவு செய்திருக்க வேண்டும்.

இறுக்கம் இன்னொரு பிரச்சினை. எம்எஸ்ஸில் மார்பைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி ஒரு வலி வரும். நோயாளிகளுக்குள் அதை 'எம்எஸ் அணைப்பு' என்போம். அது வருகிற நாளில் வெஸ்ட்டின் இறுக்கம் தாங்காது. அந்தப் பெயரைக் கேட்ட மகள், "அது யாரு உன்னைக் கட்டிப்பிடிக்க? வரிசையில நிக்கச் சொல்லு, நான்தான் முதல்ல" என்றாள். அந்த நாட்களில் வெஸ்ட்டை மாட்டாமல் தோள்மேல் சும்மா போர்த்திக்கொள்கிறேன்; பாதி பலன் கிடைக்கிறது. அளவு வாங்கும்போது ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குங்கள்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு பையின் ஓரத் தையல் விட்டு, உள்ளே இருந்தது கசிந்தது. மெழுகு மாதிரி பிசுபிசுப்பு. விற்றவர்களுக்கு எழுதினேன். எத்தனை டிகிரியில் வைத்தீர்கள், எப்படித் துவைத்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி; மாற்றுப் பை வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் மூன்று பையோடு ஓட்டினேன், இடது முதுகு மட்டும் சுடும். அப்புறம் வெளிப்புறத்தில் நீர் கோத்துக்கொள்ளும். உலர்த்தாமல் மடித்து வைத்தால் இரண்டாம் நாள் வாடை வரும்.

வேறு வகைகளும் உண்டு. தண்ணீரில் நனைத்துப் போடுகிற வெஸ்ட் இலேசானது; ஆனால் தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிரும், காற்றில் ஈரம் அதிகம் இருக்கும் இடத்தில் பெரிதாக உதவாது. பம்பு வைத்துக் குழாய் வழியாகக் குளிர்நீர் ஓடுகிற வகை நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி. அதை நான் ஒரு நாள்தான் போட்டுப் பார்த்தேன், அதனால் அதிகம் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். நான்கு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் 25 நிமிடம் ஆகியும் நான்காவது வரி தாண்டவில்லை. 40 நிமிடம் ஆயிற்று, அப்போதும் இல்லை. மகள் தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "அப்பா, டாக்டருக்குப் போன் பண்ணு" என்றாள். சிறுநீர்த் தொற்று. எம்எஸ்ஸில் அது சகஜம். உள்ளுக்குள் லேசான காய்ச்சலை உண்டாக்கி எல்லா அறிகுறிகளையும் கிளப்பிவிடும். மருந்து ஆரம்பித்து மூன்றாவது நாள் ஆறாவது வரி தெரிந்தது. வெஸ்ட் மருந்தில்லை. எப்போதும் சரியாகிற நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நரம்புக்கு டாக்டர் கொடுக்கும் மருந்தையும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

யார் வாங்கலாம்? சூட்டில் அறிகுறி கூடுகிறவர்கள் கண்டிப்பாகப் போட்டுப் பார்க்கலாம். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். குளிர்பட்டால் தசை இறுகுகிறவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். பிசியோதெரபிஸ்டைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு செட் பைகள் வாங்குவது நல்லது, ஒன்று உறையும்போது இன்னொன்று உடம்பில் இருக்கும். நான் இத்தனை நாள் ஒரே செட்டில் சமாளித்தேன். போன வாரம்தான் இரண்டாவது வந்தது. மகள் மார்க்கரை எடுத்து பழைய பைகளில் 'இன்றைய மழை' என்றும் புதியதில் 'நாளைய மழை' என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.

ஆறாவது வரியை அவள் வாரா வாரம் மாற்றிவிடுகிறாள், நான் மனப்பாடம் செய்துவிடக் கூடாதாம். இதை எழுதும்போதும் வெஸ்ட் மேலேதான் இருக்கிறது. காலையில் துணி காயப்போட மாடிக்குப் போய்வந்தேன், இடது கண் இன்னும் புகைமூட்டமாகத்தான் இருக்கிறது. மாட்டி 21 நிமிடம் ஆயிற்று. மகள் இந்த வாரத் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தால் இந்தத் தடவை வீட்டுப்பாடத்தோடு நிற்காது போலிருக்கிறது.